உடைக்காமல் உள்ளே பார்த்தவர்: ஜகதீஷ் சந்திர போஸும் நமது வாவிப் படகுகளும்

நவம்பர் மாதம் வந்தால் ஜகதீஷ் சந்திர போஸின் பெயர் எங்கேனும் அடிபடும். அவர் பிறந்தது நவம்பர் 30, மறைந்தது நவம்பர் 23. ஒவ்வொரு முறையும் இரண்டு பேச்சுகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, செடிகளுக்கும் உணர்வு உண்டென்று சொன்னவர் என்பது. மற்றது, வானொலிக்கு வழி திறந்தது அவரா மார்க்கோனியா என்ற வழக்கு.

மட்டக்களப்பில் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். இந்த இரண்டு பேச்சுகளுக்கும் நடுவே அவர் செய்த இன்னொரு வேலை காணாமல் போகிறதே என்பது என் நெடுநாள் மனக்குறை. கந்தகம், கண்ணாடி, சணல், பளிங்கு, புத்தகம் என்று பொருள்களை வெட்டாமல், உடைக்காமல், நுண்ணலைகளை ஊடே அனுப்பி அவற்றின் இயல்பை அறிந்தவர் போஸ். தொழிற்சாலைப் பொருள்களைச் சேதப்படுத்தாமல் நுண்ணலையால் சோதிக்க இன்று ஒரு துறையே இருக்கிறது. அதன் வேரைத் தேடிப் போனால் கல்கத்தாவின் ஒரு சிறிய அறைக்குத்தான் போய்ச் சேருவோம். அந்த வேலைக்கும் நமது வாவியில் ஓடும் பைபர் படகுகளுக்கும் நேரான தொடர்பு உண்டு. முதலில் அந்த மனிதரைப் பார்ப்போம்.

போஸ் 1858ஆம் ஆண்டு, இன்று பங்களாதேஷில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் பிரித்தானிய அரசில் துணை நீதவான். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட அதிகாரியின் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குப் போவதுதான் வழக்கம். தந்தையோ மகனைத் தாய்மொழியில் கற்பிக்கும் சாதாரண வங்காளப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே போஸின் ஒரு பக்கத்தில் வீட்டுப் பணியாளரான முஸ்லிம் ஒருவரின் மகன்; மறுபக்கத்தில் ஒரு மீனவரின் மகன். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகள்தான் இயற்கையை ஆராயும் ஆசையைத் தனக்குள் விதைத்தன என்று போஸ் பிற்காலத்தில் ஒரு மேடையில் நினைவுகூர்ந்தார். பள்ளி முடிந்து அந்தப் பிள்ளைகள் கூட வந்தால் சாதி பார்க்காமல் எல்லோருக்கும் ஒரேமாதிரி உணவு கொடுத்த தாயையும் அவர் மறக்கவில்லை.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளை வகுப்பில் இருத்திப் படிப்பித்தவர்களுக்கு இந்தச் செய்தி சிறியதல்ல. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள் நம் ஆட்கள். நீரைக் கலைக்காமல் நீருக்குள் நடப்பதை அறிகிற வழி அது. உள்ளே இருப்பதை அலை வெளியே கொண்டுவந்து சொல்லும் என்பதை நமது மீனவர் பாடப்புத்தகம் இல்லாமலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

வங்காளப் பள்ளிக்குப் பிறகு கல்கத்தாவின் சென் சேவியர் கல்லூரி. அங்கே லபோன் பாதிரியார் காட்டிய பரிசோதனைகள் அவரைப் பௌதிகவியலின் பக்கம் இழுத்தன. மருத்துவம் படிக்க இலண்டன் போனார். ஏற்கெனவே பிடித்திருந்த காய்ச்சல், உடல்களை வெட்டிப் படிக்கும் கூடத்தின் வாடையில் இன்னும் மோசமானது. மருத்துவத்தை விட்டு கேம்பிரிட்ஜுக்கு மாறி, ரேலி பிரபு போன்றவர்களிடம் இயற்கை விஞ்ஞானம் கற்று, 1885இல் நாடு திரும்பி கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார்.

அங்கே காத்திருந்தது அவமானம். ஐரோப்பியப் பேராசிரியரின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி அதையும் பாதியாக்கினார்கள். போஸ் வேலையை விடவில்லை. வகுப்பைப் புறக்கணிக்கவும் இல்லை. சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். மூன்று வருடம் ஒரு சதமும் வாங்காமல் கற்பித்தார். மக்களுக்கென்று தொடங்கிய முயற்சிகளில் பணத்தை இழந்து தந்தை கடனில் மூழ்கியிருந்த காலம் அது. 1887இல் அபலா தாஸைத் திருமணம் செய்ததும் அதே வறுமைக்குள்தான். அபலா 1882இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கப் போய், உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியாமல் திரும்பியவர். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் முதல் நாளிலிருந்து கணக்குப் பார்த்துக் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனுக்குப் போனது. தொண்டர் ஆசிரியர்களாக வருடக்கணக்கில் நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்தவர்களைக் கிழக்கு மாகாணத்தில் அறிந்தவர்களுக்கு இந்த மூன்று வருடத்தின் கனம் விளங்கும்.

ஆராய்ச்சிக்கு என்று கல்லூரி அவருக்கு எதையும் தரவில்லை. கழிவறையை ஒட்டிய ஒரு சிறு அறையை ஒதுக்கி, தகரவேலை தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சொந்தப் பணத்தில் கருவிகளைச் செய்தார். 1894இல், ஹேர்ட்ஸ் என்ற ஜேர்மன் விஞ்ஞானியின் மின்காந்த அலைகள் பற்றி ஒலிவர் லொட்ஜ் எழுதியதைப் படித்த பிறகு அந்தத் துறையில் இறங்கினார்.

இங்கேதான் அவருடைய புத்தி வெளிப்படுகிறது. ஹேர்ட்ஸின் அலைகள் நீளமானவை; அரை மீற்றருக்கு மேல். அலை நீளமானால் கருவியும் பெரிதாக வேண்டும். அந்த அலை வளைகிறதா என்று பார்க்க ஹேர்ட்ஸ் வார்த்த தார் அரியம் ஒன்றரை மீற்றர் உயரம், 600 கிலோ அளவு எடை. போஸ் அலையைச் சுருக்கினார். அவர் உண்டாக்கியவை 5 மில்லிமீற்றரிலிருந்து 25 மில்லிமீற்றர் வரை நீளமான அலைகள். இன்றைய கணக்கில் சொன்னால் 12 முதல் 60 கிகாஹேர்ட்ஸ் வரை. இன்று நாம் நுண்ணலை என்று சொல்வது இதைத்தான். அலை சுருங்கியதும் கருவியும் சுருங்கியது. மேசை மேல் வைக்கும் ஒரு பெட்டிக்குள் முழு ஆய்வுகூடமும் அடங்கியது. அலையை ஒரு திசைக்கு அனுப்பும் கொம்பு வடிவ உலோக வாய், அலையைக் குவிக்கும் வில்லை, வந்து சேர்ந்த அலையை உணரும் சிறு சுருள்வில் கூட்டம் என்று அதில் இருந்தவற்றின் வாரிசுகளை இன்றும் நுண்ணலை ஆய்வுகூடங்களில் காணலாம்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஊரார் முன்னிலையில் அந்த அலைகளைச் சுவரைத் தாண்டி அனுப்பி, தூரத்தில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். மார்க்கோனி வழக்கில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சம்பவம் இது. ஆனால் அந்த மணியோசைக்குப் பிறகு போஸ் செய்தி அனுப்பும் வியாபாரத்துக்குப் போகவில்லை. அலை சுவரைக் கடக்கிறது என்றால், கடக்கும்போது அந்தச் சுவருக்குள் அதற்கு என்ன நேர்கிறது? இதுதான் அவருடைய கேள்வி.

கந்தகத்தினூடே அலையை அனுப்பி அதன் முறிவுச் சுட்டியை அளந்தார். அந்தக் கட்டுரையை 1895இல் ரேலி பிரபு வழியாக இலண்டன் ரோயல் சொசைட்டி ஏற்றது. அடுத்த வருடம் இலண்டன் பல்கலைக்கழகம் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது. கண்ணாடியையும் அப்படியே அளந்தார். பளிங்குகளுக்குள் அலையின் அதிர்வு எந்தத் தளத்தில் இலகுவாகப் போகிறது, எதில் தடைப்படுகிறது என்று பார்த்தார். இப்படி அலையின் அதிர்வை ஒரே தளத்துக்குள் அடக்குவதைத்தான் பாடப்புத்தகத்தில் முனைவாக்கம் என்கிறோம். அதற்கு அவர் எடுத்த கருவி ஒரு ரயில் நேர அட்டவணைப் புத்தகம். தாள்களுக்கு இடையே ஈயத்தகட்டை வைத்தால் அந்தப் புத்தகம் ஒரு திசையில் அதிரும் அலையை விட்டு, மற்றத் திசையில் அதிருவதை மறித்தது. தலைமயிர்க் கற்றையும் சணல் நாரும்கூட அலையைத் திசை பார்த்து நடத்துவதைக் காட்டினார்.

1898இல் இன்னும் ஒரு படி போனார். வங்காளத்தில் எங்கும் கிடைக்கும் சணலை எடுத்து, ஒரு கட்டை வலப்பக்கமாகவும் இன்னொரு கட்டை இடப்பக்கமாகவும் முறுக்கினார். ஒரு முறுக்கு அலையின் அதிர்வுத் தளத்தை ஒரு பக்கம் திருப்பியது. எதிர் முறுக்கு எதிர்ப்பக்கம் திருப்பியது. சணலைப் பிரிக்காமலே அது எந்தப் பக்கம் முறுக்கப்பட்டது என்று அலை சொல்லிவிட்டது. பொருளின் உள்ளே நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை வெளியிலிருந்து அறியலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

1897 ஜனவரியில் இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூஷனில் இந்தக் கருவிகளோடு அவர் நிகழ்த்திய சொற்பொழிவு ஐரோப்பாவில் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது. 1901இல் தந்தித் தொழில் முதலாளி ஒருவர் காப்புரிமைப் பத்திரத்தோடு வந்து, இலாபத்தில் பங்கு பேசினார். போஸ் மறுத்து, அந்தப் பணப்பேராசை தந்த அருவருப்பை நண்பர் தாகூருக்குக் கடிதத்தில் எழுதினார். கலீனாப் பளிங்கினால் அலையை உணரும் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததும் சாரா புல், சகோதரி நிவேதிதா ஆகிய இருவரின் வற்புறுத்தலால்தான். குறைகடத்தியைப் பயன்படுத்திய கருவி ஒன்றுக்குக் கிடைத்த உலகின் முதல் காப்புரிமையாக அதைச் சொல்வார்கள். அதிலிருந்து அவர் வருமானம் தேடவில்லை.

நிவேதிதாவின் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். விவேகானந்தரின் சீடரான அவர் போஸின் நூல்களைச் செப்பனிடுவதில் துணை நின்றார். 1900இல் பாரிஸ் பௌதிகவியல் மாநாட்டில் போஸ் பேசியபோது விவேகானந்தரும் அந்நகரில் இருந்தார். அதே இராமகிருஷ்ண இயக்கத்தின் வழியில் வந்தவர்தான் காரைதீவில் பிறந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கிய சுவாமி விபுலானந்தர். அவரும் விஞ்ஞானம் படித்தவர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். யாழின் நரம்புக்குள் இருக்கும் கணக்கைத் தேடியவர். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். போஸ் தன் விஞ்ஞானக் கட்டுரைகளை வங்காளத்தில் எழுதி 1921இல் நூலாக்கினார். விஞ்ஞானம் தாய்மொழியில் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இருவரும் ஒரு வழிக்காரர்கள்.

பாரிஸ் மாநாட்டுக்குள் போஸின் பாதை திரும்பத் தொடங்கியிருந்தது. அலையை உணரும் உலோகத் துண்டுகள் நீண்ட நேரம் வேலை செய்தால் களைத்துப்போவதையும், ஓய்வு கொடுத்தால் மீளுவதையும் அவர் கண்டிருந்தார். உலோகத்துக்கு இப்படி என்றால் தசைக்கும் செடிக்கும் எப்படி என்று அவருடைய கேள்வி விரிந்தது. 1902இல் அது நூலானது. உயிரியலாளர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். செடிகளைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும் பிற்கால விஞ்ஞானம் ஏற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1917இல் தனது பிறந்தநாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23இல் கிரிதியில் காலமானார். 79 வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அவர் விட்டுப்போன மில்லிமீற்றர் அலைகளை உலகம் பல ஆண்டுகள் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ரேடார் வந்த பிறகே நுண்ணலைக் கருவிகள் பெருகின. போருக்குப் பின்னர் பொறியியலாளர்கள் போஸின் பழைய கேள்வியை மீண்டும் கையில் எடுத்தார்கள்: இந்தப் பொருளுக்குள் என்ன இருக்கிறது?

அதன் அடிப்படை எளிது. நுண்ணலை உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும், உள்ளே போகாது. உலர்ந்த மரம், பிளாஸ்ரிக், இறப்பர், கண்ணாடி இழை, கொங்கிரீட் ஆகியவற்றுக்குள் போகும். ஆனால் வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பதை அந்தப் பொருளின் மின்னுழைய மாறிலி தீர்மானிக்கிறது. பிசினில் தோய்த்த கண்ணாடி இழைக்கு அது ஏறத்தாழ 4 அல்லது 5. நீருக்கு, அறை வெப்பநிலையில் 80க்குக் கிட்ட. நுண்ணலை மீடிறனில் சற்றுக் குறைந்தாலும் இடைவெளி பெரிதுதான். போதாததற்கு நீர் அலையை விழுங்கவும் செய்கிறது. ஆகவே சுவருக்குள்ளோ பலகைக்குள்ளோ ஒரு வெற்றிடம், ஒரு பிளவு, ஒரு ஈரத்திட்டு இருந்தால் திரும்பி வரும் அலையின் பலமும் நேரமும் மாறிவிடும். அந்த மாற்றத்தைப் புள்ளி புள்ளியாக அளந்தால் உள்ளே இருப்பதன் வரைபடம் கிடைக்கும். பொருளைத் தொட வேண்டியதில்லை, ஒரு பக்கத்திலிருந்தே பார்க்கலாம், எக்ஸ்-கதிர் போன்ற ஆபத்தும் இல்லை.

கல்லடிக்கு வந்தால் இதைப் பிள்ளைகளுக்கு நின்ற இடத்திலேயே விளக்கலாம். பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. பழைய பாலத்தின் இரும்பு, நுண்ணலைக்கு ஒரு கண்ணாடி; உட்புறத்தை அது காட்டாது. கொங்கிரீட் அப்படியல்ல, அலை உள்ளே போய்க் கம்பியில் பட்டுத் திரும்பும். கம்பி எந்த ஆழத்தில் இருக்கிறது, எங்கே ஈரம் ஊறியிருக்கிறது என்பதைக் கொங்கிரீட்டை உடைக்காமல் அறிய உலகெங்கும் இப்படிப்பட்ட ரேடார் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். 2003இல் கொலம்பியா விண்ணோடம் அழிந்த பிறகு, எரிபொருள் தாங்கியைப் போர்த்திய நுரைக் காப்புக்குள் வெற்றிடம் இருக்கிறதா என்று பார்க்க மில்லிமீற்றர் அலை முறைகளை ஆராய்ந்தார்கள். மீயொலி அந்த நுரைக்குள் அமுங்கிப்போகும். போஸின் அலை கடந்து போகும்.

இனி நமது படகுகள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நமது கரையின் வள்ளங்களையும் தோணிகளையும் அள்ளிச் சென்ற பிறகு, பைபர் படகுகள் பெருந்தொகையாக வந்தன. அவற்றில் தரம் குறைந்தவையும் இருந்தன என்பது அப்போதே பேசப்பட்ட விடயம். பைபர் படகில் வெளித்தோல் பளபளப்பாக இருக்கும். குற்றம் உள்ளே இருக்கும். இழைப் பாய்களுக்கு நடுவே பிசின் சரியாக ஊறாமல் விட்ட காற்றிடம், எஞ்சின் பூட்டும் பின்பலகைக்குள் வைத்து மூடிய ஒட்டுப்பலகையில் ஊறிய தண்ணீர் ஆகியவை கண்ணுக்குப் படாது.

என் மச்சான் ஒருவர் பழைய படகு ஒன்றை வாங்கினார். வாங்கும் முன் வழக்கம்போல நாணயத்தால் தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம்தான் வந்தது. நான்காவது மாதம் முகத்துவாரத்துக்கு வெளியே, அலை குறுக்கே அடித்த நேரத்தில் எஞ்சினோடு பின்பலகை பிய்ந்தது. அவரும் கூடப் போன பையனும் வெறும் கலன்களைக் கட்டிப்பிடித்து இரண்டு மணித்தியாலம் மிதந்தார்கள். பிறகு வந்த படகுக்காரர்கள் ஏற்றிக்கொண்டார்கள். கரைக்கு இழுத்து வந்த மிச்சத்தை உடைத்துப் பார்த்தபோது உள்ளே இருந்த பலகை ஈரச் சாக்கைப் போலப் பிழிந்தால் நீர் விட்டது. செய்தவர் யார் என்று தேடுவதில் இனிப் பயனில்லை. ஆனால் அந்த ஈரத்தை நுண்ணலை கண்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளிந்த நீர் அதற்கு மிக இலகுவாகத் தெரியக்கூடிய குற்றங்களில் ஒன்று. வெளிநாடுகளில் உல்லாசப் படகு வாங்குகிறவர்கள் ஈரமானி வைத்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. உயிரைப் பணயம் வைத்துத் தொழிலுக்குப் போகிறவருக்கு நாணயம்தான் கருவி.

பதின்மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒருமுறை 3 சென்ரிமீற்றர் அலைத் தொகுதியை வைத்து இதைச் செய்து பார்த்தேன். அலை அனுப்பிக்கும் வாங்கிக்கும் நடுவே படகுப் பட்டறையில் கேட்டு வாங்கிய பைபர் துண்டு ஒன்றைப் பிடித்தோம். மானி கொஞ்சம்தான் இறங்கியது. அதன் பின்னால் உலர்ந்த ஒட்டுப்பலகை வைத்தோம், இன்னும் கொஞ்சம். அதே பலகையை இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்தபோது முள் அடியில் விழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பைபர் துண்டுதான். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அன்றைக்குக் கேட்ட கேள்வி, இந்தக் கருவியைக் கரைக்குக் கொண்டுபோக முடியாதா என்பது.

முடியும். தானாகத் திறக்கும் கதவுகளில் ஆள் வருவதை அறிய வைக்கும் சிறிய நுண்ணலை உணரிகள் 10, 24 கிகாஹேர்ட்ஸ் அளவில் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. அதை ஒரு நம்பகமான படகுச் சோதனைக் கருவியாக்க அளவுத்திருத்தம் வேண்டும். நல்ல படகும் கெட்ட படகும் பலவற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். உலோகம் பதித்த இடங்களில் ஏமாறாமல் இருக்கப் பழக வேண்டும். வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகமும், மீனவர் சங்கங்களும், படகுப் பட்டறைகளும் உள்ள மாவட்டத்துக்கு இது எட்டாத வேலை அல்ல. படுவான்கரை விவசாயி நெல்லை விற்கப் போகும்போது ஈரம் 14 வீதத்துக்கு மேலா என்று ஒரு சின்ன மானி சொல்கிறது. பெரும்பாலான மானிகள் நெல்லின் ஈரத்தை அறிவது இதே மின்னியல் குணத்தை வைத்துத்தான். நெல்லை வாங்குகிறவனின் பணத்தைக் காக்க அந்த மானி நமது ஊருக்கு வந்துவிட்டது. படகில் போகிறவனின் உயிரைக் காக்க வேண்டியது இன்னும் வரவில்லை.

போஸ் தன் அறிவைப் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று விட்டுப்போனார். மார்க்கோனியோடு அவருக்கு நாம் நடத்தும் வழக்கில் வென்றாலும் அவருக்கு இனி ஒன்றும் கூடப்போவதில்லை. தனக்குப் பக்கத்தில் இருந்து படித்த மீனவர் மகனின் கடனை அவர் தன் வேலையால் தீர்த்துவிட்டார். அந்த அலையை முகத்துவாரத்துப் படகுகள் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது படித்தவர்களான நமது பங்கு.